கண்மாய்க்குள் முளைத்த காடு: இராமநாதபுரம், சிவகங்கை வறள்நிலங்களில் சீமைக் கருவேலம் செய்த மாற்றங்கள்

சித்திரை வெயிலில் பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூருக்குப் பேருந்தில் செல்பவர், சாலையின் இருபுறமும் விரியும் பசுமையைப் பார்த்து இது வளமான பூமி என்றே எண்ணக்கூடும். கரிசல் வெடித்துக் கிடக்கும், ஊருணி வற்றியிருக்கும், பனைகள்கூட வெளிறி நிற்கும். அந்த ஒரு மரம் மட்டும் நேற்று மழை பெய்ததுபோல் தளிர்த்திருக்கும். நன்செய், புன்செய், மேய்ச்சல் தரை, கண்மாயின் உள்வாய், வரத்துக்கால், சுடுகாட்டுப் பாதை என்று எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கி வைத்திருப்பது சீமைக் கருவேலம். வேலிக்காத்தான், வேலிக் கருவை என்றும் ஊருக்கு ஊர் இதற்குப் பெயருண்டு.

ஓர் அயல் தாவரம் ஒரு நிலத்துக்குள் நுழைந்து அங்கிருந்த புல்லையும் பறவையையும் கால்நடையையும் மனிதர்களின் பிழைப்பையும் எப்படி மாற்றியது என்பதை இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் வறண்ட பகுதிகளை முன்வைத்து இந்த ஆய்வு பார்க்கிறது. இம்மரத்தின் மீது பொதுவெளியில் சுமத்தப்பட்டிருக்கும் குற்றச்சாட்டுகளில் பலவற்றுக்கு அடிப்படை இல்லை என்பதையும், அந்தப் பொய்யான குற்றச்சாட்டுகள் உண்மையான கேட்டை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

வந்த வழி

மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள் ஆகியவையே இதன் தாயகம். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற தாவரவியல் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்ட இதனை, அண்மைய வகைப்பாட்டில் நெல்ட்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி இதற்கு நெருங்கிய உறவு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். வன்னியும் வறட்சியைத் தாங்கும், முள்ளுண்டு, காயை ஆடு தின்னும். ஆனாலும் அது எந்தக் கண்மாயையும் அடைத்துக்கொண்டதில்லை. நெருங்கிய இரு இனங்களில் ஒன்று அடங்கி வாழ்வதும் மற்றொன்று படர்ந்து அழிப்பதும் ஏன் என்ற கேள்விக்கு, மரத்தின் இயல்பை மட்டும் ஆராய்ந்தால் முழு விடை கிடைக்காது. வன்னியோடு இந்த மண்ணின் பூச்சிகளும் பூஞ்சைகளும் மேயும் விலங்குகளும் நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்து அதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கின்றன. கடல்கடந்து வந்த மரமோ தன் எதிரிகளைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்தது.

இந்தியாவுக்கு இது தவறுதலாக வந்த விதையும் அல்ல. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம், வறண்ட பகுதிகளில் விறகுக்கு உதவும் என்று கருதி 1876இல் இதன் விதைகளைக் கேட்டு எழுதினார்; ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்க அரசே இதைப் பரப்பியது. குஜராத்தின் கட்ச் பகுதியில், ரண் உப்புநிலம் பன்னிப் புல்வெளிக்குள் முன்னேறுவதைத் தடுக்க 1961இல் வனத்துறை ஏறத்தாழ 31,500 ஹெக்டேரில் இதை வளர்த்தது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட அந்த வேலை, ஆசியாவின் பெரும் புல்வெளிகளுள் ஒன்றைப் பாதிக்குமேல் முட்காடாக்கி, அங்கே கன்றுகாலிகளோடு வாழ்ந்த மால்தாரிகளைப் பசுவிலிருந்து எருமைக்கு மாறவைத்தது. நம் பக்கத்திலும் கதை ஏறத்தாழ இதுதான். புல்வெளிக்குப் பதில் கண்மாய்.

ஒரு காயின் பயணம்

இந்த மரம் பரவும் விதத்தை அறிய ஆய்வகம் தேவையில்லை. கோடையில் ஒரு மாட்டுத் தொழுவத்தின் குப்பைக்குழி போதும். பங்குனி, சித்திரையில் காய் பழுத்து மஞ்சளாகி உதிர்கிறது. சாண் நீளமுள்ள அந்தக் காயை ஒடித்து நாக்கில் வைத்தால் வெல்லத்தின் இனிப்பு இருக்கும். கிராமத்துப் பிள்ளைகள் சப்பிப் பார்த்திருப்பார்கள். மேய்ச்சலில் ஒரு பசும்புல்கூட இல்லாத அந்த மாதங்களில் ஆடும் மாடும் இதைத் தேடித் தின்கின்றன. இலையை மட்டும் தொடுவதில்லை, அதன் கசப்பு அப்படி. கால்நடை தொடாத இலை, கால்நடை விரும்பித் தின்னும் காய் என்ற இந்த இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதுதான் இதன் வெற்றிக்கு அடித்தளம் என்று நான் கருதுகிறேன்.

காய்க்குள் ஒவ்வொரு விதையும் தனித்தனிக் கூட்டுக்குள் இருக்கிறது. கால்நடையின் வயிற்றில் சதைப்பகுதி செரித்துப்போக, கடினமான விதை முழுதாக வெளியேறுகிறது; நன்றாக மென்று தின்னும் ஆட்டைவிட மாட்டின் சாணத்தில் தப்பிப் பிழைக்கும் விதை அதிகம். உலர்ந்த சாணியை உடைத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் பளபளவென்று விதைகள் பதிந்திருப்பதைக் காணலாம். வயிற்று அமிலத்தில் ஊறியதால் தோல் இளகியிருக்கும், சுற்றிலும் எரு இருக்கும். ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது மட்டுமே மிச்சம். அந்தச் சாணம் எங்கே விழுகிறதோ அங்கெல்லாம், அதாவது மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் கண்மாய், படுத்து அசைபோடும் தரிசு, நடந்துபோகும் வண்டிப்பாதை எங்கும் விதைப்பு நடந்துவிடுகிறது. மிஞ்சியதை வெள்ளம் கொண்டுபோய் அடுத்த கண்மாயில் சேர்க்கிறது. முளைக்காமல் மண்ணில் தங்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உழவு நடக்கும் நிலத்தில் இந்தக் கன்று நிற்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு உழவு போட்டால் போதும், கதை முடிந்தது. மானாவாரி மிளகாயும் பருத்தியும் கட்டுபடியாகாமல் போனதும், இளையவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் புறப்பட்டதும், ஊர்கூடிச் செய்துவந்த குடிமராமத்து நின்றுபோனதும் இந்த மரத்துக்குத் திறந்துவிடப்பட்ட வாசல்கள். ஆக்கிரமிப்புத் தாவரம் ஆரோக்கியமான நிலத்துக்குள் படையெடுத்து நுழைவது அரிது; மனிதர்கள் கைவிட்ட நிலமே பெரும்பாலும் அதற்கு வீடாகிறது.

மரத்தடியில் நடப்பது

பத்தாண்டு வயதான ஒரு கருவேலங்காட்டுக்குள் குனிந்து நுழைந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது வெறுமை. மேலே அடர்ந்த நிழல், கீழே சிற்றிலைகள் உதிர்ந்து படிந்த மெத்தை. புல் இல்லை, பூண்டு இல்லை. அறுகும் கோரையும் தும்பையும் ஆவாரையும் இருந்த இடம் அது. வெளிச்சம் குறைவது ஒரு காரணம். இலையிலும் வேரிலும் உள்ள வேதிப்பொருள்கள் பிற விதைகளின் முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் தடுப்பது இன்னொரு காரணம்; ஆய்வகச் சோதனைகளில் இது பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. நம் நாட்டு வெள்வேலும் உடையும் வன்னியும் தம் நிழலில் புல் வளர இடம் கொடுப்பவை. உடைமரத்தைப் பாருங்கள், குடை விரித்ததுபோல் மேலே பரந்து நிற்கும். அதன் அடியில் ஆட்டுமந்தை முழுதும் நண்பகலில் படுத்திருக்கும். சீமைக் கருவேலமோ தரையிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து முள்வேலியாகிவிடுவதால் மந்தை உள்ளே நுழையவே முடியாது.

புல் மறைந்ததன் விளைவு அத்தோடு நிற்கவில்லை. புல்லை நம்பிய வெட்டுக்கிளி, புல்விதையை நம்பிய சில்லை, வெட்டவெளியில் முட்டையிடும் ஆள்காட்டி, புற்களுக்கிடையே ஓடி மறையும் கௌதாரி என்று வெட்டவெளி உயிரினங்களுக்கு வேண்டிய இடம் சுருங்கியது. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் திறந்த புல்தரைக்குள் இம்மரம் புகுந்ததும் இதே வகையான இழப்புதான். உணவு குறைந்த கோடையில் அந்த மான்களும் காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன, தம் மேய்ச்சல் நிலத்தைத் தாமே முட்காடாக்கும் வேலையில் அறியாமல் பங்கெடுக்கின்றன. மரமே இல்லாத நிலத்தைத் தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதிப் பழகிய நமக்கு, புல்வெளி என்பதும் ஒரு முழுமையான வாழிடம் என்பது உறைக்கவே இல்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் வேர்முண்டுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. வேறெதுவும் வளராத களர்நிலத்தில் இதை வளர்த்தபோது சில ஆண்டுகளில் மண்ணின் காரத்தன்மை குறைந்ததை ஹரியானாவின் கர்னாலில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மண் கெட்டுப்போகிறது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதைவிட, மண் வளம் பெற்றாலும் அந்த வளத்தைப் பயன்படுத்த வேறு செடிகளை இம்மரம் அனுமதிப்பதில்லை என்று சொல்வதே பொருத்தம்.

தண்ணீர் பற்றிய வழக்கு

காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, கரியமில வாயுவை மட்டுமே வெளியிடுகிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பிலும் மேடைகளிலும் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. எல்லாப் பச்சைத் தாவரங்களையும்போல இதுவும் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை வெளியிடுகிறது. மழை மேகத்தை விரட்டும் ஆற்றல் எந்த மரத்துக்கும் கிடையாது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மரத்தண்டுகளில் கருவி பொருத்தி அளந்தபோது, ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக 7 லிட்டர் அளவே நீரை வெளியேற்றியது. நூற்றுக்கணக்கான லிட்டர் என்று இங்கே சொல்லப்படுவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் தண்ணீருக்குக் கேடே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது எண்ணிக்கையிலும் காலத்திலும் அடங்கியிருக்கிறது. ஒரு மரத்துக்கு 7 லிட்டர் என்பது சிறிய அளவுதான். கையை நுழைக்க முடியாத நெருக்கத்தில், நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் நிற்கும்போது அதே அளவு பெருகி ஒரு வட்டாரத்தின் நீர்க்கணக்கையே மாற்றிவிடுகிறது. பிற மரங்கள் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் கோடையிலும் இது பச்சையாகவே நிற்பதால், நிலத்தடி ஈரம் குறைந்திருக்கும் மாதங்களிலும் இதன் செலவு நிற்பதில்லை. ஆணிவேர் நீரைத் தேடி ஆழ இறங்கும் இயல்பு இந்த மரக்குடும்பத்துக்கே உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இப்பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேர் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டது.

கண்மாய்க்கு நேர்ந்த கேடு இதைவிட எளிமையானது, கண்ணுக்குத் தெரிவது. வரத்துக்காலில் வளர்ந்த புதர் வண்டலைப் பிடித்து நிறுத்துகிறது; வாய்க்கால் மேடாகி, வரவேண்டிய தண்ணீர் வழியிலேயே பரவி வீணாகிறது. உள்வாயில் தூருக்குத் தூர் மண் சேர்கிறது. மடைக்குப் போகும் வழி முள்ளால் அடைபடுவதால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. பார்க்காத மடை பழுதாகிறது. பழுதான மடையால் ஆயக்கட்டுக்காரர்கள் கண்மாயை மறந்து ஆழ்துளைக் கிணற்றை நாடுகிறார்கள். இந்த வட்டத்தில் மரத்தின் பங்கு எவ்வளவு, மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

வேட்டங்குடியின் கூடுகள்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977இல் பறவைகள் சரணாலயம் அமைத்தார்கள். மொத்தப் பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. கூட்டிலிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று அங்குள்ள மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல தலைமுறையாகக் காத்துவரும் கட்டுப்பாடு அது. நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கண்மாயில் நீர் நிற்கும்போது, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அந்த மரங்கள் பெரும்பாலும் நாட்டுக் கருவேலம். அவற்றின் நடுவே சீமைக் கருவேலமும் புகுந்தபோது, பறவைக்கு எந்த மரமானால் என்ன என்றே பலரும் நினைத்தார்கள்.

மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இரண்டு மரங்களிலும் உள்ள கூடுகளைக் கவனித்து 2014இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தைத் தகர்த்தது. சீமைக் கருவேலத்தில் கட்டிய கூடுகளிலிருந்து முட்டையும் குஞ்சும் விழுந்து சாவது நாட்டுக் கருவேலத்தைவிட அதிகமாக இருந்தது. மரத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். நாட்டுக் கருவேலத்தின் கவட்டை உறுதியானது, கூட்டைத் தாங்கும் தட்டுப்போல் விரிந்திருப்பது. சீமைக் கருவேலத்தின் கிளைகளோ மெல்லியவை, வளைந்து தொங்குபவை. குச்சிகளை அடுக்கிக் கட்டும் பெரிய கூடு காற்றில் சாய்ந்துவிடுகிறது. வெடிச்சத்தத்தைக்கூடத் தடுத்து ஊரே காத்த குஞ்சு, தவறான மரத்தில் பிறந்த காரணத்தால் தண்ணீரில் விழுந்து சாகிறது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. தொலைவிலிருந்து பார்த்தால் மரம் நிறையக் கூடு, கண்மாய் நிறையப் பறவை. எண்ணிக்கை எடுப்பவரின் குறிப்பேட்டில் எல்லாம் நலமாகவே பதிவாகும்.

இத்தகைய எதிர்பாராத விளைவுகள் பிற நாடுகளிலும் தெரியவந்துள்ளன. கென்யாவின் பரிங்கோ பகுதி மக்கள், காயின் சர்க்கரை ஒட்டிப் பல்லிழந்த ஓர் ஆட்டையே சான்றாக நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார்கள். மாலி நாட்டில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், சில ஊர்களில் இதன் பூக்கிளைகளை வெட்டி நீக்கியதும் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தன. மழையில்லாத காலத்திலும் பூக்கும் இம்மரத்தின் தேனே அவற்றுக்கு உணவாக இருந்திருக்கிறது.

கரிமூட்டம்

இந்த மரத்தை வெறுக்கும் எவரும் முதலில் ஒரு கரிமூட்டத்தின் அருகே நின்று பேச வேண்டும் என்பேன். வெட்டிய தடிகளை ஒரே அளவாக நறுக்கி, கூம்பாக அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் மூடி, அடியில் தீ வைத்துச் சிறு துளைகள் விட்டுவிடுகிறார்கள். மூட்டம் நாள்கணக்கில் புகையும். இரவிலும் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். மண் பிளந்து காற்று புகுந்தால் தடி முழுதும் சாம்பலாகிவிடும். புகை வெள்ளையாக இருக்கும்வரை உள்ளே ஈரம். அது மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி கூடிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. மழை பொய்த்து விதைப்பே இல்லாத ஆண்டுகளில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது இந்த வருமானத்தில்தான். மரக்கட்டையை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு ஆலைகளும் இம்மாவட்டங்களில் வந்தன.

இதனால் ஏற்பட்ட சிக்கல் நுட்பமானது. நிலத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுக்கு விற்கும் உரிமையாளர், தூரை விட்டுவைத்து மேலே மட்டும் வெட்டச் சொல்கிறார். தூரிலிருந்து பல கிளை வெடித்து அடுத்த வெட்டுக்குக் காடு முன்னைவிட அடர்த்தியாகிறது. பயன்படுத்தியே ஒழித்துவிடலாம் என்ற திட்டம் இங்கேதான் இடறுகிறது: வருமானம் தரும் ஒன்றை எவரும் ஒழிக்க மாட்டார்கள், ஒழிந்தால் அந்த வருமானத்துக்கு மாற்று என்ன என்று சொல்லாமல் அவர்களைக் குறைகூறவும் நமக்கு உரிமையில்லை.

வெட்டிய பிறகு

2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற அடுத்தடுத்து ஆணைகள் பிறப்பித்து, பணியைப் பார்வையிட வழக்கறிஞர்களை ஆணையர்களாக அமர்த்தியது. ஊரூராகப் பொக்லைன் இறங்கியது. சூழலுக்கு உண்டாகும் விளைவை ஆராயாமல் ஒட்டுமொத்தமாக அகற்றலாமா என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு சூழலை மீட்டெடுப்பதையும் சேர்த்துப் பேசியது அதன் சிறப்பு.

அந்த இரண்டாம் பாதிதான் நிலத்தில் பெரும்பாலும் நடக்காமல் போகிறது. பொக்லைன் போன தரையில் மண் புரண்டு கிடக்கும், நிழலும் போட்டியும் இருக்காது, புதைந்திருந்த விதைகள் மேலே வந்திருக்கும். பக்கத்து ஊர் மாடுகள் புது விதையையும் கொண்டுவரும். முதல் மழைக்குப் பின் நாற்றங்கால்போல முளைப்பது மறுபடியும் சீமைக் கருவேலமே. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் 1980களின் பிற்பாதியிலிருந்து விதையைத் தின்னும் சிறு வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். கால்நடை காயைத் தின்னும் இடங்களில் வண்டு சேருமுன் விதை வயிற்றுக்குள் போய்விடுகிறது.

கைவேலையாகச் செய்யக்கூடியதும் பலன் தருவதும் ஒன்றுண்டு. மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டாமல், ஒரு முழம் மண்ணைத் தோண்டித் தூரின் கழுத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் அந்தக் கழுத்தில்தான் இருக்கின்றன. பறவை கூடுகட்டும் கண்மாயாக இருந்தால் ஒரே மூச்சில் அழிக்காமல், நாட்டுக் கருவேலக் கன்று வளர வளரப் பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். காய் உதிரும் மாதங்களில் அதைப் பொறுக்கி, விதை நொறுங்கும்படி அரைத்துத் தீவனத்தில் கலந்தால் மாட்டுக்கும் உணவு, பரவலுக்கும் தடை. பிறகு, குறைந்தது மூன்று மழைக்காலங்களுக்கு அந்த நிலத்தை ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். ஐப்பசியில் முளைத்த கன்று கார்த்திகைவரை விரல்நீளம் இருக்கும், முள் இன்னும் இளசாக இருக்கும். ஈரமண்ணில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். மாசியில் போனால் கடப்பாரை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.